குரூப் கேப்டிவ் சூரிய மின்சாரம்: நூற்பாலைகள் முதலில் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பல்லடம் அருகே மூன்று ஷிஃப்டும் ஓடும் நூற்பாலை நடத்துகிறேன். பல ஆலைகள் பங்குதாரர்களாகச் சேர்ந்து தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கு மின் நிலையம் வைத்துக்கொள்ளும் ‘குரூப் கேப்டிவ்’ முறையில் பங்கு வாங்கினால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மலிவு விலையில் சூரிய மின்சாரம் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கையெழுத்திடலாமா? ஆலோசகர் தேவையா?

பதில்: அவர்கள் சொல்லும் யூனிட் விலையை எதனோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். மாதக் கட்டணம் முழுவதையும் யூனிட்டுகளால் வகுத்து, அந்தச் சராசரியிலிருந்து தங்கள் விலையைக் கழித்து, மிச்சத்தை லாபமாகக் காட்டியிருந்தால் அந்தக் கணக்கை ஏற்காதீர்கள். சராசரிக்குள் டிமாண்ட் கட்டணம் (யூனிட்டுக்கு அல்லாமல், ஆலையின் அதிகபட்ச மின்தேவை அளவுக்குக் கட்டுவது) இருக்கிறது. சூரிய மின்சாரம் வாங்குவதால் அது குறையாது. உச்சநேரத்துக்கான 25 சதவீதக் கூடுதல் கட்டணமும் அதில் அடங்கியிருக்கிறது; மாலை 6 மணிக்குத் தொடங்கும் உச்சநேரத்தில் சூரிய உற்பத்தி கிடையாது. ஆகவே பகல்நேரச் சாதாரண கட்டணத்துக்கும், வீலிங் கட்டணமும் (மின்வாரியக் கம்பிகள் வழியே கொண்டுவருவதற்கான கட்டணம்) லைன் லாஸும் (வழியில் இழக்கப்படும் மின்சாரம்) சேர்ந்து உங்கள் மீட்டருக்கு வந்து சேரும் விலைக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் உங்கள் உண்மையான மிச்சம். சொந்தக் காற்றாலை இருந்தால், தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களில் அந்த யூனிட்டுகளும் உங்கள் பகல் நுகர்வில் இடம் கேட்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது சட்டம். 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, ஒரு நிலையம் கேப்டிவ் தகுதி பெற, மின்சாரத்தைப் பயன்படுத்தும் பங்குதாரர்கள் கையில் குறைந்தது 26 சதவீத உரிமை இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்கள் நுகர வேண்டும். பங்குக்கேற்ற விகிதத்தில், 10 சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் நுகர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிப்படுத்தியது. நிலையம் ஆண்டுக்கு ஒரு கோடி யூனிட் உற்பத்தி செய்து, அந்த 26இல் பாதி உங்களுடையது என்றால், நீங்கள் எடுக்க வேண்டியது 51 லட்சத்தில் பாதியான 25.5 லட்சம் யூனிட்; ஏறத்தாழ 23 முதல் 28 லட்சம் வரை போகலாம். பஞ்சு விலை ஏறி ஆலைகள் சில மாதம் நின்று, மொத்த நுகர்வு 51ஐ எட்டாமல் போனால், அந்த ஆண்டின் உற்பத்தி முழுவதும் கேப்டிவ் தகுதியை இழந்து, கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (மின்வாரியத்துக்கு வெளியே மின்சாரம் வாங்குவோர், பிற நுகர்வோருக்கான சலுகையை ஈடுகட்டச் செலுத்தும் கூடுதல் கட்டணம்) விதிக்கப்படும். பக்கத்து ஆலை எடுக்காமல் விட்டது உங்கள் தலையில் விடியும்.

ஆலோசகர் அவசியம் தேவை. ஆனால் அவருக்குக் கட்டணம் கொடுப்பவர் நீங்களாக மட்டுமே இருக்க வேண்டும். மின் நிலையத்திடம் கமிஷன் பெறுபவரின் அறிக்கையை நம்பி இருபத்தைந்து ஆண்டுகளுக்குக் கட்டுப்படக் கூடாது. உங்கள் மீட்டரில் பதிவாகும் பதினைந்து நிமிட லோடு (மின் பயன்பாட்டு அளவு) விவரத்தை ஓராண்டுக்கு எடுத்து, நிலையத்தின் மணிவாரி உற்பத்தியோடு அவர் பொருத்திக் காட்ட வேண்டும். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் ஆலை நிற்கும்போதும் பேனல்கள் உற்பத்தி செய்துகொண்டிருக்கும். அந்த யூனிட்டுகள் என்னவாகும், அவற்றுக்குப் பணம் உண்டா என்பதை அவர் எழுத்தில் தர வேண்டும். உங்கள் பகல் லோடின் அடிமட்டத்துக்கு, அதாவது மிகக் குறைந்த அளவுக்கு, மேல் ஒரு யூனிட்டுக்கும் உறுதி கொடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

வீலிங் கட்டணம் உயர்ந்தால் யார் ஏற்பது, பிற பங்குதாரரால் சர்சார்ஜ் வந்தால் யார் ஈடுசெய்வது, ஆலையை விற்க நேர்ந்தால் பங்கை என்ன விலைக்குத் திரும்பப் பெறுவார்கள் என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாவிட்டால், முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.