பிள்ளைகளின் சமூக நலனை அளப்பது எப்படி? பெற்றோர், ஆசிரியர் கேள்விகளுக்குப் பள்ளி மனநல ஆலோசகரின் பதில்கள்

செந்தூல் அம்மா: பள்ளியில் கொடுத்த எஸ்டிகியூ (SDQ) படிவத்தை, பிள்ளையின் பலம், சிக்கல் பற்றிய கேள்வித்தாளை, பூர்த்தி செய்தேன். மகனுக்கு மொத்தம் 17. பயப்பட வேண்டுமா?

1997-இல் ராபர்ட் குட்மன் வெளியிட்ட படிவம் அது. 25 வாக்கியங்கள், ஐந்து தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து. மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பு, நண்பர்களோடு சிக்கல் ஆகிய நான்கையும் கூட்டினால் மொத்தம், அதிகபட்சம் 40. பிறருக்கு உதவும் குணம் தனிக்கணக்கு. பெற்றோர் படிவத்தில் 14 முதல் 16 வரை எல்லைக்கோடு, 17-லிருந்து கவனம் தேவை.

ஆனால் அந்த 17 எங்கிருந்து வந்தது, அம்மா? துறுதுறுப்பில் 9, நண்பர்களில் 1 என்றால் அவன் கூட்டத்தோடு ஓடியாடும் பையன். நண்பர்களில் 7 என்றால் ஓய்வு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கலாம். இரண்டும் ஒரே பிள்ளை இல்லை. ஐந்து எண்களையும் கேட்டு வாங்குங்கள், ஆசிரியரையும் ஒரு படிவம் நிரப்பச் சொல்லுங்கள். இது சல்லடைதான், நோய் முடிவு அல்ல.

கெப்போங் அப்பா: தமிழ்ப்பள்ளியில் மாணவர் தலைவியாக இருந்தவள், இப்போது இடைநிலைப்பள்ளி முதல் ஆண்டில் ‘ஒதுங்கியே இருக்கிறாள்’ என்கிறார் ஆசிரியர்.

பள்ளி, மொழி, நண்பர்கள் மூன்றும் ஒரே மாதத்தில் மாறியிருக்கின்றன. மலாயில் தயங்கித் தயங்கிப் பேசும் பிள்ளையை மட்டும் பார்த்தவர் சொன்னது அது. 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பும் எஸ்டிகியூ படிவம் உண்டு, அவளிடமே கேளுங்கள். ஒருவர் நிரப்பிய ஒரு தாளை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்டாதீர்கள்.

ஒருவர்: மகளுக்கு 18. பயப்படலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியர்: வகுப்பில் பக்கத்தில் உட்கார விரும்பும் மூவர், விரும்பாத மூவர் பெயரை எழுதச் சொல்லப் போகிறேன். சரியா?

முதல் பாதி சரி. இரண்டாம் பாதி வேண்டாம்.

அதே ஆசிரியர்: விரும்பாதவரைக் கேட்காமல், ஒதுக்கப்பட்டவனையும் யார் கண்ணிலும் படாதவனையும் எப்படிப் பிரிப்பது? யார் யாரை விரும்புகிறார் என்று கேட்டுக் குழு உறவை அளந்த மொரேனோ காலத்திலிருந்து இருக்கும் முறைதானே?

நல்ல கேள்வி, ஐயா. மொரேனோ 1934-இல் எழுதினார். 1982-இல் கோயி, டாட்ஜ் என்ற உளவியல் ஆய்வாளர் குழுவினர் நீங்கள் சொல்லும் அந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள். இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? சிறிய தமிழ்ப்பள்ளி வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால், கேண்டீனுக்குப் போவதற்குள் ‘நீ யாரை எழுதினே?’ என்று கேட்டுவிடுவார்கள்.

அதே ஆசிரியர்: தாளை நான்தானே வைத்திருப்பேன்!

தாள் உங்களிடம் இருக்கும், பேச்சு அவர்களிடம் இருக்குமே. வேறு வழி உண்டு. முழுப் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொருவரோடும் விளையாட எவ்வளவு பிடிக்கும் என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். யார் பெயரையும் வெறுப்புக்கென்று தனியாக எழுத வேண்டியதில்லை. சராசரி மிகக் குறைவாக வந்தால் ஒதுக்கப்படுகிறான்; சராசரி நடுவில் இருந்து, விருப்பப் பட்டியலில் யாருமே எழுதவில்லை என்றால் கண்ணில் படாதவன். பெற்றோர் அனுமதி வாங்குங்கள். முடிந்த கையோடு எல்லோரும் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டம் வையுங்கள், பேச்சு அதோடு திசைமாறும்.

கிள்ளான் வாசகர்: மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வில் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் மனநலச் சிக்கல் 2019-இல் 7.9 விழுக்காடு, 2023-இல் 16.5. என் மகனுக்கும் இருக்குமோ?

நாட்டுக்கான எண்ணில் உங்கள் மகன் தெரிய மாட்டான். அவனோடு பேசுங்கள்.

இன்னொருவர்: என் பையனுக்கு 15...

மீண்டும் முதல் பதில்தான். மொத்தத்தை மட்டும் எழுதாதீர்கள்.

ஓர் அம்மா: மூன்று வயது, கூப்பிட்டால் திரும்புவதில்லை. எந்தப் படிவம்?

நண்பர்களை அளக்கும் படிவம் இதற்கு உதவாது. கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகத்தில்) காட்டி, காதையும் வளர்ச்சியையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ரவாங் அப்பா: பள்ளியில் தினமும் அடிக்கிறார்கள் என்று மகன் அழுகிறான். எதை வைத்து அளப்பது?

அளக்க வேண்டாம். நாளைக் காலையில் தலைமையாசிரியரைப் பாருங்கள். தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று எழுத்தில் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். அவசரம் என்றால் அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, நாள் முழுதும் எடுப்பார்கள்.