வாசகர் கேள்வி – பதில்: தென்னாப்பிரிக்காவில் கல்லூரிக் கட்டணம் எங்கே போகிறது?

கேள்வி: அக்கா, என் மகள் டர்பனில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் பஸ் ஓட்டுகிறேன், மனைவி ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எங்கள் இரண்டு சம்பளத்தையும் கூட்டினால் வருடத்துக்கு 3,80,000 ராண்ட். அதனால் அரசு உதவி கிடையாதாம். கட்டணமோ வருடா வருடம் ஏறுகிறது. வளாகத்தில் புதுக் கட்டிடம் ஒன்று எழும்புகிறது. எங்கள் பணம்தான் அங்கே செங்கல்லாகிறதா?
– ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, 23 வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டணக் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு அம்மாவின் முகம் கண்முன் வந்தது. உங்கள் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் கொத்தமல்லியும் பீர்க்கங்காயும் விற்பவர். ஒவ்வொரு பிப்ரவரியும் மகனின் முன்பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவார். இருபது, ஐம்பது ராண்ட் நோட்டுகள். எண்ணி முடித்த பிறகும் என் விரலில் கொத்தமல்லி வாசம் போகாது. அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு.

முதலில் கட்டிடம். பல்கலைக்கழகக் கட்டிடங்களுக்கு அரசு தனியாக மானியம் தருகிறது. அதை வேறு எதற்கும் திருப்பிவிட முடியாது. ஆகவே கண்ணில் படும் செங்கல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். உங்கள் பணத்தில் பெரும்பகுதி போவது சம்பளத்துக்கு. பேராசிரியர், ஆய்வகப் பணியாளர், நூலகர், காவலாளி, அன்றைக்கு என்னைப் போன்ற குமாஸ்தா என்று எல்லாரையும் சேர்த்தால் செலவில் பாதிக்கு மேல் அதுவே. அப்புறம் நூலகம். ஆய்விதழ்களுக்கான சந்தாவை டாலரிலும் யூரோவிலும் கட்டவேண்டும். ராண்ட் சரிந்தால் அதே இதழுக்குக் கூடுதல் பணம். கல்விக் கட்டணத்துக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது என்பது நமக்கு நல்லதுதான். ஆனால் பல்கலைக்கழகம் கணினி வாங்கும்போது 15 சதவீத வாட் கட்டுகிறது, அதை ஒரு கடைக்காரர் திரும்பப் பெறுவதுபோல் பெற முடியாது. இப்படிப் பல காரணங்களால் பல்கலைக்கழகத்தின் செலவு சந்தை விலைவாசியைவிட வேகமாகவே ஏறுகிறது.

ஆனால் உங்கள் பில் கனத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2000-இல் நம் பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் அரசின் பங்கு சுமார் 49 சதவீதம். 2012-இல் அது 40 ஆகிவிட்டது. அதே காலத்தில் மாணவர் கட்டணத்தின் பங்கு 24-இலிருந்து 31 சதவீதமாக உயர்ந்தது. மாணவர் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு அரசுப் பணம் பெருகவில்லை. அந்தப் பள்ளத்தை நிரப்பியது வீட்டுப் பணம். கணக்கு அறையில் உட்கார்ந்து இதை வருடா வருடம் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், திருட்டும் வீண்செலவும் இருக்கலாம், அவற்றைப் பிடிக்கவும் வேண்டும், ஆனால் அவற்றை மட்டும் பிடித்தால் இந்தக் கட்டணம் இறங்காது.

2015 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 10.5 சதவீத உயர்வு என்றதும் பிள்ளைகள் வாசலை மறித்தார்கள். அது நாடு முழுக்கப் பரவியது. 23-ஆம் தேதி அப்போதைய அதிபர் ஜூமா அடுத்த வருடத்துக்கு உயர்வே இல்லை என்று அறிவித்தார். அதற்கும் முன்பு, 2000 மே மாதத்தில், கட்டணம் கட்ட முடியாத மாணவர்களை வெளியேற்றியதை எதிர்த்து டர்பன்-வெஸ்ட்வில் வளாகத்தில் நடந்த போராட்டத்தில் மைக்கேல் மகாபானே என்ற மாணவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். நம் தெருக்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது அது. நம் வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, உங்கள் 3,80,000-க்கு வருகிறேன். 2017 டிசம்பரில் இலவச உயர்கல்வி அறிவித்தபோது குடும்ப வருமான வரம்பை 1,22,000-இலிருந்து 3,50,000 ராண்டுக்கு உயர்த்தினார்கள். நல்ல காரியம், எத்தனையோ பிள்ளைகள் கரையேறினார்கள். ஆனால் அந்தக் கோடு போட்டது போட்டபடியே நின்றுவிட்டது. ரொட்டி விலை ஏறியது, பெட்ரோல் விலை ஏறியது, அதை ஈடுகட்ட உங்கள் சம்பளமும் கொஞ்சம் ஏறியது. அந்த ஏற்றமே உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. நீங்கள் பணக்காரர் ஆகவில்லை தம்பி, கோடுதான் நகரவில்லை. என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவித் திட்டத்தின் இந்த வரம்பை வருடந்தோறும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்தவேண்டும் என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். 3,50,000-க்கும் 6,00,000-க்கும் இடைப்பட்ட குடும்பங்களுக்கென்று 2024-இல் ஒரு கடன் திட்டம் அறிவித்தார்கள். மகளின் நிதி உதவி அலுவலகத்தில் அதைப் பற்றி நேரில் போய்க் கேளுங்கள். போனில் கேட்டால் அலையவிடுவார்கள்.

பாக்கி மட்டும் வைக்காதீர்கள். என் தம்பி மகன் பாஸ் செய்தும் 11,000 ராண்ட் பாக்கிக்காகச் சான்றிதழைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனி சான்றிதழைக் கேட்டது, இவனிடம் இல்லை. சம்பாதித்துக் கடனை அடைக்கவேண்டியவனுக்குச் சம்பாதிக்கும் வழியையே அடைப்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேள்வி: மகன் மார்ச் மாதமே விட்டுவிட்ட ஒரு மாட்யூலுக்கும் (பாடப் பிரிவு) பில்லில் பணம் போட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், ஃபீனிக்ஸ்

பதில்: வகுப்புக்குப் போகாமல் இருந்தால் விட்டதாக ஆகாது அம்மா. விலகல் படிவத்தில் துறையின் கையெழுத்து வாங்கி, கடைசித் தேதிக்குள் கொடுத்திருக்கவேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் நகலோடு கவுன்டருக்குப் போங்கள், தொகையைக் கழிப்பார்கள். இனி ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மென்டை வரி வரியாகப் படியுங்கள். கவுன்டரில் நான் பார்த்த தகராறுகளில் பாதி, யாரும் படிக்காத ஒரு வரியில்தான் தொடங்கியது.

கேள்வி: என் கணவர் அந்தக் காலத்தில் டர்பன் துறைமுகத்தில் உள்ள சாலிஸ்பரி தீவுக் கல்லூரிக்குப் படகில் போய்ப் படித்தவர். பிறகு வெஸ்ட்வில்லில் தமிழே பட்டப் பாடமாக இருந்தது. இவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள் தமிழை ஏன் மூடினார்கள்?
– ஒரு பாட்டி, டோங்காட்

பதில்: பாட்டிம்மா, இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு மனசு வலிக்கிறது. அரசு மானியம் ஒரு சூத்திரப்படி வருகிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வந்தன என்று எண்ணித்தான் பணம். பாடத்துக்குப் பாடம் விலையும் வேறு. மேல் படியில் உள்ள மருத்துவ, உயிரியல் பாடங்களில் ஒரு மாணவருக்குக் கிடைப்பது கீழ்ப்படிப் பாடங்களைப்போல் மூன்றரை மடங்கு. நாலு பேர் படிக்கும் தமிழ் வகுப்பும் நானூறு பேர் படிக்கும் கணக்கியல் வகுப்பும் அந்தத் தராசில் ஏறினால் என்ன ஆகும்? வெறுப்பினால் மூடவேண்டிய அவசியமே இல்லை, எண்ணிக்கையே மூடிவிடும்.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2014-இல் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளைப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக எடுக்க மறுபடி வழி செய்தார்கள். பள்ளியில் பிள்ளைகள் எடுத்தால் ஆசிரியர் வேண்டும், ஆசிரியர் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தில் பாடம் வேண்டும். உங்கள் பேரப்பிள்ளைகளின் பள்ளியில் தமிழ் எடுக்க எத்தனை பேர் தயார் என்று ஒரு தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி, நிர்வாகக் குழுவிடம் கொடுங்கள். கூட்டம் எப்போது என்று எழுதுங்கள், பஸ் பிடித்து நானும் வருகிறேன்.