மெட்ரிக் பள்ளியில் இருக்கும் மகனை ஆறாம் வகுப்புக்கு ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் சேர்க்கலாமா? அங்கே படிப்பு எப்படி இருக்கும்?

மகன் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறான், வீட்டுப் பக்கத்தில் அரசு உதவி பெறும் ஆர்.சி. நடுநிலைப் பள்ளி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் கட்ட முடியாமல்தான் மாற்ற நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த நிலையில் இருந்தவர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம். இப்படிப்பட்ட உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் கத்தோலிக்கத் திருச்சபையுடையது, ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசு கொடுப்பது. புத்தகமும் அரசுப் பள்ளியில் இருக்கும் அதே புத்தகம்தான், இலவசம். ஆகவே பாடத்தில் எந்த வித்தியாசமும் கிடையாது. நடத்துகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அது பள்ளிக்குப் பள்ளி மாறும். நான் பார்த்தது ஒரே ஒரு பள்ளி, தூத்துக்குடி மாவட்டத்தில்.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கொரோனா ஊரடங்கில் வண்டி வாசலிலேயே நின்றது. மெட்ரிக் பள்ளியில் இரண்டு பருவக் கட்டணம் பாக்கி. 2021இல் மகளை ஐந்தாம் வகுப்புக்கு ஆர்.சி. பள்ளிக்கு மாற்றினோம். சொந்தத்தில் பேசாத பேச்சில்லை. "ஓசிப் பள்ளிக்கூடத்துல கொண்டு போட்டுட்டீங்களே" என்றார் என் மதினி. "பிள்ளைய வேதத்துல சேத்துருவாங்க, பாத்துக்கோ" என்று இன்னும் சிலர். என் மாமனார் மட்டும், "மிஷன் பள்ளிக்கூடம் இல்லேன்னா நான் கையெழுத்துப் போடப் படிச்சிருப்பனா? பேசாமச் சேருங்க" என்றார்.

நவம்பரில் பள்ளி திறந்தது. மூன்றாவது வாரம் மகள் அழுதுகொண்டே வந்தாள். பள்ளி விட்டபிறகு அவளை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறார்களாம். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மறுநாள் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு நேராகப் பள்ளிக்குப் போனேன். "என் பிள்ளை தமிழ்ல 92 மார்க் வாங்குனவ. அவளப் போயி ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளோட உக்கார வைக்கீங்களே" என்று சத்தம் போட்டேன்.

தலைமையாசிரியர் ஒரு சிஸ்டர். பதில் பேசவில்லை. மகளை அழைத்து, பழைய வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒரு பக்கம் முழுக்கத் தட்டாமல் வாசித்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் சிஸ்டர் மேசையில் இருந்த ஸ்கேலை எடுத்து மேல்வரிகளை மறைத்தார். நடுவில் ஒரு சொல்லைக் காட்டி, "இத மட்டும் வாசிம்மா" என்றார். பிள்ளை விழித்தாள். வேறொரு சொல். அதுவும் வரவில்லை. எழுத்தெல்லாம் தெரிகிறது, கூட்டி வாசிக்கத் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

முந்தைய பள்ளியில் கேள்வி பதிலைப் புத்தகத்திலேயே குறித்துக் கொடுப்பார்கள், அதையே தேர்வில் கேட்பார்கள். அதற்குத்தான் 92. அதோடு ஒன்றரை வருடம் செல்போனில் பாடம். நான் கட்டிய கட்டணத்தை நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன். சிஸ்டர், "உங்க மேல தப்பில்லம்மா. நாலு மாசம் குடுங்க" என்றார்.

அந்த நாலு மாசம் அவர்கள் செய்தது புதுமை ஒன்றும் இல்லை. தினம் பத்துச் சொல் சொல்வதை எழுதுதல், பிழையானதை ஐந்து முறை திரும்ப எழுத வேண்டும். ர, ற குழப்பம் போகும்வரை அதே சொற்கள். வாய்ப்பாடு பதினாறு வரை, காலையில் வரிசையில் நின்று எல்லாரும் சேர்ந்து. வகுப்பாசிரியை ஐந்து மணி வரை கூட இருந்தார், ஒரு பைசா வாங்கவில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனபோது மகள் தன் தாத்தாவுக்குத் தினத்தந்தியை வாசித்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறன் படிப்புதவித் தேர்வு வரும். பெற்றோர் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு, மெட்ரிக் பிள்ளைகளுக்குக் கிடையாது. கணக்கு சார் சனிக்கிழமைகளில் பழைய வினாத்தாள் வைத்துப் பழக்கினார். மகள் தேர்வாகிவிட்டாள்.

இதைப் படித்துவிட்டு நான் மதத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றும் செவ்வாய் வெள்ளி விளக்குப் போடுகிறோம், மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போகிறோம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. காலை ஜெபம் பொது. மகள் விபூதி பூசிக்கொண்டுதான் போனாள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. வேறு பள்ளியில் உங்களுக்கு வேறு மாதிரி நடந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் எழுதுவாள், வாசிப்பாள், பேசுவதற்கு அங்கே பழக்கம் தரவில்லை. ஏழாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் ஓய்வு பெற்றார், அந்த இடம் நிரம்பவே இல்லை. நிர்வாகம் சொற்பச் சம்பளத்தில் ஒரு பிள்ளையைப் போட்டது, மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வருட அறிவியல் எங்களுக்குப் போனது போனதுதான். நீங்கள் போகும்போது எத்தனை பணியிடம் காலி என்று கட்டாயம் கேளுங்கள். ஆங்கில வழிப் பிரிவு என்றால் கட்டணம் உண்டா, அங்கே நடத்துவது அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்தானா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. மகளை ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளியில் சேர்த்தோம். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறாள். அங்கே ஓர் ஆசிரியர்தான் சொன்னார், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புச் சேர்க்கையில் தரும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இவளுக்குக் கிடையாது என்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மருத்துவத்துக்கு 2020இல் சட்டம் வந்தது, மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளை இரண்டிலும் சேர்க்கவில்லை. காலை உணவு 2024இல் கிராமப்புற உதவி பெறும் பள்ளிக்கு வந்தது. கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண்ணையும் அதே வருடம் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கு நீட்டினார்கள். இந்த உள் ஒதுக்கீடு மட்டும் ஏன் வரவில்லை? என் மகளோடு படித்தவர்களில் பீடித் தொழிலாளி பிள்ளைகள், கூலிக்குப் போகிறவர்கள் பிள்ளைகள்தான் அதிகம். வசதி உள்ளவர்கள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அதே சத்துணவைச் சாப்பிட்டவர்கள்தானே என்று கேட்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை இந்தக் கவலை இல்லை. உங்கள் மகன் ஆறில் சேரப் போகிறான், அவனுக்கு இது முக்கியம். ஆகவே பக்கத்தில் அரசு நடுநிலைப் பள்ளி இருந்தால் அதையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஆசிரியர்கள் முழுதாக இருந்து நன்றாக நடத்தினால் அங்கேயே சேருங்கள் என்றுதான் நானே சொல்வேன். இல்லையென்றால் தயங்காமல் ஆர்.சி. பள்ளிக்குப் போங்கள்.

அதற்கு முன்னால், இன்று ராத்திரி மகனிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து, ஸ்கேலை வைத்து மேல்வரிகளை மறைத்து, நடுவில் ஒரு சொல்லைக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.