"வயசுதானே காரணம்?" என்று கேட்டவர்களுக்கு: பினாங்கு கேள்வி பதில்

அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டுப் பெரியவர்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் முக்கால்வாசி "வயசுதானே காரணம், அக்கா?" என்றே முடிகின்றன. வயது ஒரு காரணம்தான். ஆனால் அதன் பக்கத்திலேயே, சரிசெய்யக்கூடிய இன்னொரு காரணமும் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தம்பி: அப்பாவுக்கு 74 வயது. இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறார். ராத்திரி எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒரு தடவை கழிவறை வாசலில் விழுந்துவிட்டார்.

தம்பி, உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது பிடிபடாது. படுத்திருக்கும்போது ஒரு தடவை எடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அந்தத் தாளை கிளினிக்கில் காட்டுங்கள். பிராசோசின் போன்ற மாத்திரைகளில் இது அடிக்கடி நடக்கும். அளவையோ நேரத்தையோ டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அதுவரை, படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து தடவை ஆட்டிவிட்டு எழச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போகும் வழியில் ராத்திரி முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். சுவரில் கைப்பிடி ஒன்று மாட்டுங்கள். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் திரும்ப நடமாடுவது பெரும்பாடு.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு மருமகள்: மாமாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). சாயங்காலம் சில நாள் குப்பென்று வியர்த்து, எல்லாரையும் திட்டுகிறார், பேச்சு குழறுகிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது. மூளையில் ஏதாவது கோளாறா?

அந்த நேரத்தில் விரலில் குத்தி சீனி அளவு பாருங்கள், அம்மா. 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே இருந்தால் அது தாழ்ந்த சீனி. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இது வரும். மருந்து பழைய அளவிலேயே இருக்க, சோறு மட்டும் பாதியாகியிருக்கும். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவரா என்றும் யோசித்துப் பாருங்கள்.

மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறியதும் பிஸ்கட்டோ சோறோ கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர எண் 999க்கு அழையுங்கள். சீனி சரியாக இருந்தும் பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு கை துவண்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போதும் 999தான்.

அப்புறம், வயதான, தளர்ந்த உடம்புக்கு இளையவர்களுக்கு வைக்கிற கடுமையான சீனி இலக்கு தேவையில்லை. மருந்தைக் குறைக்கலாமா என்று அடுத்த தடவை வாய்விட்டுக் கேளுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு முட்டி வலி. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்தில் ரெண்டே நாளில் வலி போய்விட்டது. ஆறு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் உப்பியிருக்கிறது, கை பட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது. தொடரலாமா?

இதைப் படித்ததும் மனசு பதறியது. முட்டித் தேய்மானம் ரெண்டு நாளில் மறையாது. அப்படி மறைந்தால், அந்தப் பொட்டலத்தில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். பதிவு செய்யாத பொருட்களில் இந்தக் கலப்படத்தைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வலி அடங்கும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். "அம்மா தேறிவிட்டார்" என்று வீடே மகிழும். உள்ளே சீனியும் பிரஷரும் ஏறும், எலும்பு மெலியும், தோல் தாள் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் வாந்தி, கடும் சோர்வு, பிரஷர் இறங்கி மயக்கம் வரை போகலாம். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்குக்கு) போங்கள். இரத்தப் பரிசோதனை செய்து படிப்படியாகக் குறைப்பார்கள். இனி எது வாங்கினாலும் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைப் போலியாகவும் அச்சடிப்பார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் தேடி உறுதி செய்யுங்கள்.

முட்டிக்கு என்ன செய்வது? நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகும்படி ஐந்து வினாடி வைத்து இறக்க வேண்டும். காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். ஆறேழு வாரத்தில் வித்தியாசம் தெரியும். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை ஃபார்மசியில் கேட்டு வாங்கித் தினமும் போடும் பழக்கம் வேண்டாம். பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: கண்புரை முற்றட்டும் என்று காத்திருக்கிறோம். சரிதானே?

காத்திருக்க வேண்டாம். பேப்பர் படிக்கவோ, படி இறங்கவோ சிரமமாகிவிட்டால் அதுவே அறுவைக்கு நேரம். முற்ற விட்டால் அறுவைதான் கடினமாகும். சொட்டு மருந்தால் புரை கரையாது.

பாயான் பாருவிலிருந்து: அம்மா எல்லாவற்றையும் மறக்கிறார். மறதி நோயா?

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் வரும். சாவி எதற்கு என்று தெரியாமல் நிற்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, தினமும் வைத்த ரசத்தின் பக்குவம் கைவிட்டுப் போவது, இவை காட்டவேண்டிய மாற்றங்கள். ரெண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம், அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மெல்ல வந்த மறதி என்றால் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் சுத்த சைவக்காரர்களுக்கும் பி12 குறையும், ஈடு கட்டவும் முடியும். காதையும் சோதியுங்கள். சரியாகக் கேட்காதவரை நாம் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறோம். கவனிக்காமல் விட்ட காது மந்தம் மறதி நோய்க்கே வாய்ப்பைக் கூட்டும். சில நேரம் காதழுக்குதான் காரணமாக இருக்கும்.

பெயர் வேண்டாம் என்ற ஓர் அண்ணன்: ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுகிறேன். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, அண்ணே. புராஸ்டேட் சுரப்பி வயதோடு பெருப்பது மிகச் சாதாரணம், பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் சோதித்துவிடுங்கள். சீனியும் பாருங்கள், அதனாலும் இப்படி வரும். ராத்திரி தே தாரிக்கை (ஆற்றிய பால் டீயை) விட்டுப் பாருங்கள். மூக்கடைப்புக்கு மாத்திரை வாங்கும்போது புராஸ்டேட் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், சில மாத்திரைகள் சிறுநீரையே அடைத்துவிடும். ஒரு சொட்டும் வராமல் வயிறு இறுகினால் விடியும்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரத்தம் கலந்து வந்தால், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே காட்டுங்கள்.