குட்டியைக் கொஞ்சும் முன் தாயைப் பாருங்கள்

கேள்வி: பக்கத்து வீட்டில் வளரும் பெண் லாப்ரடார் நாய்க்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. முதல் ஹீட்டிலேயே (இனச்சேர்க்கைப் பருவம்) மேட்டிங் விட்டு, குட்டிகளை விற்கப் போகிறார்களாம். வீட்டு நாய்க்கும் சட்டம் இருக்கிறதா?
– வாசகி, கரூர்

இருக்கிறது. மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், 8 வயதைத் தாண்டக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்று, வாழ்நாளில் மொத்தம் 5 ஈற்றுதான். பக்கத்து வீட்டாரிடம் சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போவதைவிட, லாப்ரடாருக்குப் பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் குறையைப் பற்றிச் சொல்லுங்கள். எலும்பு நன்றாக வளர்ந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தால்தான் அது சரியாகத் தெரியும். அதற்குள் அவசரப்பட்டால், தாயே வளர்ந்து முடியாத வயதில் பிரசவம், அப்புறம் நொண்டும் குட்டிகள் ஏதோ ஒரு வீட்டில்.

கேள்வி: ஆன்லைனில் விளம்பரம் பார்த்து ஒரு பீகிள் குட்டி வாங்கினோம். புரோக்கர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தார். 35 நாள் குட்டி என்றார், கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பரும் தருவதாகச் சொன்னார். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து ஒரே வாரத்தில் இறந்துவிட்டது. மகள் இன்னும் அழுகிறாள்.
– வாசகர், திருச்சி

வருத்தமாக இருக்கிறது சார். 8 வாரம் ஆகாத குட்டியை விற்பதே தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே வரும், தடுப்பூசியின் பலன் இன்னும் முழுதாக வந்திருக்காது, அந்த நேரத்தில் தாயிடமிருந்து பிரித்துப் பையில் போட்டு ஊர் ஊராக அலைத்தால் பார்வோவுக்கு வழி திறந்து விட்டதுபோல்தான். கேசிஐ பேப்பர் வம்சாவளியைச் சொல்லும், தாய் எப்படி வளர்க்கப்பட்டது என்பதைச் சொல்லாது. இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில் லூசி சட்டம் வந்தது. இனப்பெருக்கப் பண்ணையில் சீரழிந்து மீட்கப்பட்ட ஒரு நாயின் பெயர்தான் லூசி. அந்தச் சட்டப்படி 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது, வளர்த்தவர் தன் இடத்திலேயே தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும். நம் நாட்டுக்கும் அப்படியொரு சட்டம் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் கூண்டுக்குள் வருடம் முழுக்கக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாயை வாங்குபவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கத்தான் புரோக்கர் உதவுகிறார். அதுவரை நீங்களே கேளுங்கள்: தாய் எங்கே, பதிவுச் சான்று எங்கே, தடுப்பூசி அட்டை எங்கே. பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னால் போகாதீர்கள்.

கேள்வி: இத்தனை கட்டுப்பாடு போட்டால் நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் இனங்கள் அழிந்துவிடாதா?
– வாசகர், விருதுநகர்

அழியாது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு என்று நிறத்தை மட்டுமே பார்த்து ஜோடி சேர்த்ததில்தான் ராஜபாளையத்தில் பிறவிக் காது கேளாமை ஒரு பெரிய பிரச்சினையாக நிற்கிறது. நெருங்கிய ரத்தத்தைத் தவிர்த்து, காது கேட்கும் நாயாகப் பார்த்துச் சேர்த்து, யாருக்கு எந்தக் குட்டி போனது என்று பதிவேட்டில் எழுதி வைப்பவர்கள்தான் இந்த இனத்தைக் காப்பாற்றுவார்கள். விதிகள் கேட்பதிலும் ஒன்று அந்தப் பதிவேடுதான். சிப்பிப்பாறை விஷயம் வேறு. அது ஓடப் பிறந்த நாய், ஓட இடம் இல்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர் கேட்டால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் குட்டி தராதீர்கள்.