ஆட்டை விரட்டும் பட்டி நாயை விற்றுவிடலாமா?

கேள்வி: ஐயா, ஒடுகத்தூர் பக்கம் 40 செம்மறி வைத்திருக்கிறேன். போன மாதம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து இரண்டு குட்டிகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. அதிலிருந்து ராத்திரி தூக்கமே இல்லை. சின்னச் சத்தம் கேட்டாலும் கம்பைத் தூக்கிக்கொண்டு கத்தியபடி ஓடுகிறேன். சாதுவாக இருந்த என் 9 மாத நாட்டு நாயும் இப்போது விடிய விடியக் குரைக்கிறது, பகலில் நம்ம ஆடுகளையே விரட்டுகிறது. விற்றுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள் தம்பி. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தெருநாய்கள் புகுந்த அன்று இதையும் கடித்திருக்கலாம். ரோமத்துக்குள் பல் பட்ட காயம் தெரியாது. குணம் திடீரென மாறிய நாயில் முதலில் பார்க்க வேண்டியது வெறிநோயைத்தான். உங்களைக் கடித்தோ பிறாண்டியோ இருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னால், நான் நினைக்கும் காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பதறி எழுகிறீர்கள், அதுவும் எழுகிறது. நீங்கள் கத்துகிறீர்கள், அது குரைக்கிறது. கூட இருப்பவரின் மனநிலையை நாய் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அப்படித்தான் அது ஒட்டி வாழ்கிறது. ஸ்வீடனில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ப்பவரின் தலைமுடியிலும் நாயின் ரோமத்திலும் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். மாதக்கணக்கில் ஒருவருக்கு அது ஏறியிருந்தால் அவர் நாய்க்கும் ஏறியிருந்தது. அதில் பார்த்தவை ஆடு மேய்க்கும் வகை நாய்கள்தான். நம் வியர்வை வாசனையிலேயே பதற்றத்தை நாய் கண்டுகொள்ளும்.

ஆட்டை விரட்டுவதும் இதையொட்டியதே. 9 மாதம் விளையாட்டு வயசு. ஆடு ஓடினால் பின்னால் ஓடும். நீங்களும் கத்திக்கொண்டு ஓடினால், நீங்களும் சேர்ந்து விரட்டுவதாகவே அதற்குப் படும். அந்த நேரத்தில் ஓடாதீர்கள். நின்று, ஒரே குரலில் கூப்பிட்டு, எதிர்ப்பக்கம் நடங்கள், வந்ததும் தடவிக்கொடுங்கள். கொஞ்ச நாளைக்கு நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டே மேய்ச்சலுக்கு அழைத்துப் போங்கள்.

உங்கள் பயம் நியாயமானது, இரண்டு குட்டி போனது சின்ன நஷ்டமா? அதனால் படலைச் சரிபாருங்கள். ஓட்டைகளை அடைத்து, அடிப்பக்கம் முள் வைத்துக் கட்டுங்கள், ஒரு விளக்கும் எரியட்டும். நீங்கள் நிம்மதியாகப் படுத்தால்தான் அதுவும் படுக்கும். ராத்திரி குரைத்தால் டார்ச்சோடு மெதுவாக நடந்து போய்ப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் பட்டி ஓரமாக அதன் பக்கத்தில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.