ஐந்து ரூபாய் பாக்கெட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு படிக்கும் பிள்ளைகள் இடைவேளை மணி அடித்ததும் எதிரே இருக்கும் பெட்டிக்கடைக்கு ஓடுகிறார்கள். ஆளுக்கொரு ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட். மதியம் சாம்பார் சாதத்தில் காயைப் பொறுக்கி ஓரம் வைத்துவிடுகிறார்கள். அம்மாக்களுக்கு அக்கறை இல்லை, காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம். நாங்கள் நினைப்பது சரிதானா?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

ஆறு, ஏழு, எட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஏன் கடைக்கு ஓடவில்லை? அவர்களுக்குக் காலையிலேயே பள்ளியில் உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ கிடைத்துவிடுகிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஏப்ரல் வரை தட்டோடு உட்கார்ந்த அதே பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போனதும் வெறும் வயிற்றோடு வருகிறது. வீட்டில் எதுவும் மாறவில்லையே.

அந்த வீட்டின் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எட்டரைக்கு ஷிப்ட் என்றால் ஏழு, ஏழரைக்கெல்லாம் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கும். அதற்குள் தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, ஒரு குழம்பு வைத்துவிட்டு ஓட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் திரும்ப இரவு ஒன்பதாகும். பிள்ளைக்கென்று தனியாக நாலு இட்லி ஊற்ற நேரம் கிடையாது. பசித்தால் எதையாவது வாங்கித் தின்னட்டும் என்றுதான் அந்த அம்மா காசு கொடுக்கிறார். அதை அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காசுக்குப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குவது சிப்ஸ்தான்.

அப்புறம் காய். ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். காய்க்கு ரேஷன் இல்லை. சனிக்கிழமை கூலி வந்தால் ஞாயிறு கறி எடுப்பார்கள். வியாழன், வெள்ளியில் ரசமும் அப்பளமும்தான். ஒரு காய் நாக்குக்குப் பழகப் பலமுறை தின்று பார்க்க வேண்டும். பிள்ளை துப்பியதையே மறுபடி மறுபடி வாங்கிச் சமைக்கக் கையில் காசு வேண்டும். வசதியான வீட்டில் ஒரு கிண்ணம் பொரியல் வீணானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கூலி வீட்டில் அப்படி முடியாது. பிள்ளை தின்னும் என்று நிச்சயமாகத் தெரிந்ததைத்தான் சமைப்பார்கள்.

ஒருமுறை ஒரு பள்ளியில் மதியம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் பக்கத்தில் இருந்த சிறுமி முட்டையைத் தொடாமல் டப்பாவில் வைத்து மூடினாள். கேட்டேன். “தம்பிக்குங்க.” வீட்டில் முட்டை பொரித்தால் அது தம்பிக்கு, அவளுக்குக் குழம்பு. பள்ளி நாள்தோறும் ஆளுக்கொரு முட்டை என்று 2010-இல் வந்த ஏற்பாடு, பெண் பிள்ளைக்கும் தனக்கென்று ஒரு முழு முட்டையைக் கொடுத்தது. அதையும் வீட்டு வழக்கம் வந்து வாங்கிப் போய்விடுகிறது. பிள்ளைகளை அங்கேயே தின்ன வைப்பது உங்களைப் போன்றவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. 2018-இல் உங்கள் மாவட்டத்தில், அவிநாசி பக்கம் ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தகராறு செய்தார்கள். யார் கையால் சாப்பிடலாம், யார் கையால் கூடாது என்று எந்தப் பிள்ளையும் தானாகக் கற்றுக்கொள்வதில்லை.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும் என்று தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க முடிந்தால் நல்லது, கம்பெனிக்குப் போகும் அம்மாக்களும் வருவார்கள். அதுவரை பெட்டிக்கடைக்காரரிடம் பேசிப் பாருங்கள். அவித்த கடலை, கொய்யா, கடலை மிட்டாய் எல்லாம் ஐந்து ரூபாய்க்கு விற்கக்கூடியவைதான்.